திரை போட்ட மெனு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கரூர் பரமத்தியில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. அந்த வெயிலில் ஃபேன் காற்றை நம்பி மேசைமேல் கிடக்கும் லேப்டாப், கொஞ்சம் கனமான வேலை கொடுத்ததும் 95, 97 என்று ஏறி, 100 டிகிரியைத் தொடும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்புகளுக்கு அந்த 100தான் எல்லைக்கோடு. வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினால் சூடு குறையும் என்று யாரோ சொல்ல, அதற்கான த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளைத் திறந்தால் அங்கே 'லாக்டு' என்று நிற்கும். பயாஸுக்குள் போனால் தேதி, நேரம், பூட் வரிசை, பாஸ்வேர்ட், அவ்வளவுதான்.

"ஏனுங்ணா, அட்வான்ஸ்டுனு ஒரு மெனு இருக்குமாமே, இதுல காணோமுங்களே?"

"இந்த மாடலுக்கு அது கெடையாதுங்க."

கடையில் வழக்கமாகக் கிடைக்கும் இந்தப் பதில் பெரும்பாலும் தப்பு. மெனு உள்ளேதான் இருக்கிறது. அதன்மேல் ஒரு திரையைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

திரையை விலக்குவதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலை பாக்கி இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீசிலோ, சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீட்டிலோ இருக்கும் லேப்டாப் என்றால், முதலில் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு மெத்தைபோலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் போகாது. ஃபேனைக் கழற்றி, தகட்டின் உள்பக்கத்தில் இருக்கும் அந்தப் படலத்தை உரித்து எடுக்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பயாஸைத் தோண்டிப் பார்க்கும் ஆசையோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. மீதிப் பேருக்கு இனி வருவது.

இன்றைய லேப்டாப்புகளில் பயாஸ் என்று நாம் கூப்பிடுவது யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், அதாவது மெஷின் எழும்போது முதலில் ஓடும் நிரல். லேப்டாப் கம்பெனிகள் பெரும்பாலும் அதை முழுசாகத் தாங்களே எழுதுவதில்லை. ஏஎம்ஐ, இன்சைடு, ஃபீனிக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களில் ஒன்றிடமிருந்து அடிப்படையை வாங்கி, மேலே தங்கள் பெயரைப் பதித்துக்கொள்வார்கள். அந்த அடிப்படையில் இன்டெல் அல்லது ஏஎம்டி கொடுத்த எல்லா அமைப்புகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும். மெமரி டைமிங், மின்வரம்பு, கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகம், பிசிஐ லேன் வேகம் எல்லாம் அதில் அடக்கம். இதையெல்லாம் வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் சர்வீஸ் சென்டர் வாசலில் வரிசை நிற்கும் என்பதால் கம்பெனி அவற்றை மறைக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

மறைக்கும் விதம் எளிது. மெனுவின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு கேள்வியும் ஐஎஃப்ஆர் என்ற சின்ன மொழியில் எழுதப்பட்டிருக்கும். அதில் 'சப்ரஸ் இஃப்' என்று ஒரு கட்டளை உண்டு. அதற்கு அடுத்து வரும் நிபந்தனை உண்மையானால் அந்தக் கேள்வி திரையில் வராது. 'எப்போதும் உண்மை' என்பதற்கான குறி ஹெக்ஸில் 46, 'எப்போதும் பொய்' என்பதற்கு 47. முழு அட்வான்ஸ்டு மெனுவும் ஒரே ஒரு 46க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மெஷின்கள் உண்டு. அதை 47 ஆக்கினால் மெனு வந்துவிடும் என்று படித்ததும் பலருக்குக் கை பரபரக்கும். பொறுங்கள். அந்த 46 இருப்பது ஃபர்ம்வேரின் நிரலுக்குள். அதைத் தொட்டால் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பு கெடும். இன்டெல்லில் 2013இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து பூட் கார்டு என்ற காவல் இருக்கிறது. தொடக்க நிரல் மாறியிருந்தால் மெஷினை எழவே விடாது. அதற்கான சாவியின் அடையாளம் சிப்செட்டுக்குள் ஃப்யூஸாக எரிக்கப்பட்டிருப்பதால் மென்பொருளால் அழிக்க முடியாது.

ஆனால் நமக்கு மெனு வேண்டியதில்லை, அதன் விடைதான் வேண்டும். நீங்கள் பயாஸில் எதையாவது மாற்றி எஃப்10 அழுத்திச் சேமிக்கும்போது நிரல் மாறுவதில்லை. அமைப்புகளைச் சேமிக்கும் என்விரேம் என்ற பகுதியில் 'செட்டப்', 'சிபியு செட்டப்', 'எஸ்ஏ செட்டப்', 'பிசிஎச் செட்டப்' போன்ற பெயருள்ள வேரியபிள் ஒன்றில் ஒரு பைட் மாறுகிறது. மறைத்த கேள்விக்கும் அங்கே ஒரு பைட் இருக்கிறது. அது தினமும் படிக்கவும் படுகிறது. பூட் கார்டு இந்தப் பகுதியைச் சரிபார்ப்பதில்லை. ஆகவே திரையைக் கிழிக்காமல் பின்பக்கமாகக் கையை விட்டு அந்த ஒரு பைட்டை மாற்றுவதுதான் வழி. மெனுவையே கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் அதிகமாக மெஷினைச் செங்கல்லாக்குகிறார்கள்.

எந்த பைட் என்று கண்டுபிடிப்பதில்தான் உண்மையான உழைப்பு. உங்கள் மெஷினில் இப்போது ஓடும் அதே பதிப்பு எண்ணுள்ள பயாஸ் ஃபைல் வேண்டும். கம்பெனி தளத்தில் கிடைக்கும் அப்டேட்டை 7-ஜிப்பில் பிரித்துப் பார்க்கலாம். சிலது அப்படியே பிரியும், சிலதை மறையாக்கம் செய்து வைத்திருப்பார்கள். அப்போது சிப்பிலிருந்து நேராகப் படிப்பதுதான் வழி, அதைக் கீழே சொல்கிறேன். ஃபைலை யூஇஎஃப்ஐ டூல் என்ற மென்பொருளின் புதிய 'என்இ' பதிப்பில் திறந்து, தேடலில் யூனிகோட் எழுத்து என்பதைத் தேர்ந்து, 'ஓவர்கிளாக்கிங் லாக்' (வோல்டேஜ் பூட்டு இதுதான்) என்றோ 'சிஎஃப்ஜி லாக்' என்றோ ஆங்கிலத்தில் தேடுங்கள். கிடைத்த இடத்தில் இரட்டைக் கிளிக் செய்தால் அது இருக்கும் மாட்யூலைக் காட்டும். ஏஎம்ஐயில் பெரும்பாலும் 'செட்டப்', இன்சைடில் 'செட்டப் யுட்டிலிட்டி'. அதன் பிஇ32 பகுதியைத் தனி ஃபைலாக எடுத்து ஐஎஃப்ஆர் எக்ஸ்ட்ராக்டரிடம் கொடுத்தால், முழு மெனுவையும் படிக்கக்கூடிய டெக்ஸ்ட் ஃபைலாகத் தரும்.

அந்த டெக்ஸ்டில் ஒவ்வொரு கேள்வியின் வரியிலும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: வேரியபிள் ஸ்டோரின் எண், ஆஃப்செட் (வேரியபிளுக்குள் அந்த பைட் இருக்கும் இடத்தின் எண்), எத்தனை பிட், அனுமதித்த விடைகள். ஸ்டோர் எண்ணை வைத்து ஃபைலின் மேற்பகுதியில் தேடினால் வேரியபிளின் பெயர் கிடைக்கும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வழிகாட்டிகளில் வரும், பைட்டை எழுதும் 'செட்அப் வார்' கட்டளை எல்லாவற்றையும் 'செட்டப்' என்ற பெயருள்ள வேரியபிளில்தான் எழுதும். உங்கள் கேள்வி இருப்பது 'சிபியு செட்டப்'பில் என்றால், சரியான ஆஃப்செட்டைத் தவறான வீட்டில் எழுதியதாக ஆகும். தெருவில் அதே கதவு எண், ஊர் வேறு. அங்கே என்ன இருந்தது என்பது எழுதிய பிறகுதான் தெரியும்.

அடுத்தவர் கண்டுபிடித்த ஆஃப்செட்டை எடுத்து எழுதுவதும் இதே ரகம். மாடல் பெயர் ஒன்றாக இருந்தும் பயாஸ் பதிப்பு ஒரு புள்ளி மாறியிருந்தால் ஆஃப்செட் நகர்ந்திருக்கலாம். உங்கள் ஃபைலிலிருந்து நீங்களே எடுத்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

எடுத்த எண் சரியா என்று சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. பயாஸில் வெளிப்படையாகத் தெரியும் ஏதாவது ஒரு அமைப்பை, உதாரணமாக விர்ச்சுவலைசேஷனை, அதே டெக்ஸ்ட் ஃபைலில் தேடி அதன் வேரியபிளையும் ஆஃப்செட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பயாஸில் அதை அணைத்துச் சேமித்துவிட்டு அந்த பைட்டைப் படித்துப் பாருங்கள் (படிக்கும் வழி அடுத்த பத்தியில்). பிறகு இயக்கிவிட்டுப் படியுங்கள். அந்த பைட் 0, 1 என்று மாறினால் உங்கள் வரைபடமும் மெஷினும் ஒத்துப்போகின்றன. மாறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். லினக்ஸில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இஎஃப்ஐ வேரியபிள்கள் ஃபைல்களாகத் தெரியும் அந்த ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலின் முதல் 4 பைட்டும் பண்புக் குறிப்பு. ஆகவே டெக்ஸ்டில் ஆஃப்செட் 104 என்றிருந்தால் ஃபைலில் 108இல் பார்க்க வேண்டும். அங்கே படிப்பதோடு சரி, அழிக்கிற கட்டளை எதையும் அந்த ஃபோல்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 2016 வாக்கில் அதை அழித்தே மெஷினை இழந்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் கெர்னல் 4.5 முதல் பெரும்பாலான வேரியபிள்களுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

எழுதும் வேலையை விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ வெளியே செய்வது நல்லது. பல வேரியபிள்கள் இயக்க முறைமை ஏறியதும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் 'இஎஃப்ஐ' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'பூட்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மாற்றியமைத்த க்ரப் ஷெல்லை (இயக்க முறைமை ஏறும் முன்பே கட்டளை கொடுக்க உதவும் சின்ன மென்பொருளை) 64 பிட் பூட் ஃபைலுக்கான வழக்கமான பெயரில் வைத்தால் போதும். பழைய கட்டளைக்குப் பதில் வேரியபிள் பெயரையும் கேட்கும் 'செட்அப் வார் சிவி' இருக்கும் பதிப்பாக எடுங்கள். பெயர், ஆஃப்செட், பைட் அளவு ஆகியவற்றை மட்டும் கொடுத்தால் படித்துக் காட்டும். கடைசியில் புது மதிப்பையும் சேர்த்தால்தான் எழுதும். முதல் முறை படிக்க மட்டும் செய்யுங்கள். டெக்ஸ்ட் ஃபைலில் விடைகள் 0, 1 என்று இருக்க, திரையில் 37 என்று வந்தால் நீங்கள் நிற்பது தவறான இடம். எழுதிய பிறகும் மறுபடி படித்து உறுதி செய்யுங்கள். 'எழுத அனுமதி இல்லை' என்ற பிழை வந்தால் கம்பெனி அந்த வேரியபிளைப் பூட்டியிருக்கிறது, இந்த வழி அதோடு முடிந்தது.

இதற்கு, கையெழுத்தில்லாத மென்பொருளை எழுப்ப விடாத செக்யூர் பூட் என்ற காவலை அணைக்க வேண்டியிருக்கும். அணைப்பதற்கு முன் டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் இயக்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் பல மெஷின்களில் தானாகவே டிஸ்க்கை மறையாக்கம் செய்துவிடுகிறது. செக்யூர் பூட் நிலை மாறியதும் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி அதைத் தர மறுத்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நீலத்திரை நிற்கும். அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துப் பேப்பரில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளில் ஆடிட்டர் ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வோல்டேஜ் பூட்டுக்கு வருவோம். அது ஏன் வந்தது என்பதற்குத் தேதியோடு காரணம் உண்டு. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் வெளியானது. வோல்டேஜைத் திட்டமிட்டு இறக்கினால் இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் கணக்குப் பிழைகளை உண்டாக்கி ரகசியத்தைக் கறக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இன்டெல் திருத்தம் கொடுக்க, லேப்டாப் கம்பெனிகள் பயாஸ் அப்டேட்டில் வோல்டேஜ் கட்டுப்பாட்டையே மூடின. அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த எட்டாம், ஒன்பதாம் தலைமுறை மெஷின்கள் அப்டேட்டுக்குப் பிறகு கோடையில் கொதிக்க ஆரம்பித்த கதை இதுதான். இந்தத் தலைமுறைகளிலும் பத்தாம் தலைமுறையிலும் 'ஓவர்கிளாக்கிங் லாக்'கை 1இலிருந்து 0 ஆக்கினால் பல மாடல்களில் வழி திறக்கிறது. பதினொன்றாம் தலைமுறைக்கு மேல் அவ்வளவு உறுதியில்லை. பன்னிரண்டுக்குப் பிறகு எச்எக்ஸ் வகை சிப்புகளைத் தவிர மற்றவற்றில் பைட்டை மாற்றியும் பலன் கிடைக்காமல் போகலாம். விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தாலும் த்ராட்டில்ஸ்டாப் கை கட்டி நிற்கும். திறந்தால் பாதுகாப்பில் ஒரு சன்னல் திறக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். எஸ்ஜிஎக்ஸை நம்பி எதுவும் ஓடாத வீட்டு மெஷினுக்கு அது பெரிய கவலை இல்லை என்பேன்.

திறந்ததும் ஒரேயடியாக மைனஸ் 100 மில்லிவோல்ட் போடாதீர்கள். கோருக்கும் கேஷுக்கும் ஒரே அளவாக மைனஸ் 30இல் ஆரம்பித்து, பத்துப் பத்தாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் வேலை கொடுத்துப் பாருங்கள். தொங்கினாலோ நீலத்திரை வந்தாலோ, விழாமல் நின்ற கடைசி அளவிலிருந்து 15, 20 மேலே ஏறி அங்கே நிலையுங்கள். ஒரே மாடலில் ஒன்று மைனஸ் 100ஐத் தாங்கும், இன்னொன்று 60இல் விழும். த்ராட்டில்ஸ்டாப்பில் எழுதும் வோல்டேஜ் நிரந்தரமல்ல, மெஷினை முழுதாக அணைத்து எழுப்பினால் போய்விடும் என்பது இந்த வேலையில் கிடைக்கும் ஒரே நிம்மதி. பயாஸ் பைட்டுக்கு அந்தக் கருணை கிடையாது.

அங்கே தவறு நடந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் கறுப்புத் திரை. முதலில் ஐந்து நிமிடம் எதுவும் செய்யாமல் காத்திருங்கள். மெமரி அமைப்பு மாறியிருந்தால் மெஷின் ராமை முதலிலிருந்து பழக்கிக்கொள்ளும், அதற்கு நேரம் எடுக்கும். ஓடிக்கொண்டிருப்பதைச் செத்துவிட்டதென்று நினைத்து பவரைப் பிடுங்குவது அடிக்கடி நடக்கிறது. உள் கிராஃபிக்ஸை அணைத்ததால் திரை மட்டும் போயிருந்தால் எச்டிஎம்ஐயில் டிவியை இணைத்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை: மெஷினை எழுப்பி எஃப்2வைத் தட்டிக்கொண்டே இருந்து, பத்து வினாடி விட்டு எஃப்9, என்டர், எஃப்10, என்டர். பல மெஷின்களில் எஃப்9 இயல்பு அமைப்புகளை ஏற்றும், மறைத்தவற்றையும் சேர்த்து. பரிசோதனைக்கு முன்பே, திரை தெரியும்போது, உங்கள் மெஷினில் இந்த விசைகள் எவை என்று ஒரு முறை அழுத்திப் பழகி வைத்தால் இருட்டில் கை தடுமாறாது. பயாஸ் பேட்டரியைக் கழற்றினால் சரியாகிவிடும் என்பது பழைய காலத்து நம்பிக்கை. அமைப்புகள் இப்போது ஃப்ளாஷ் சிப்பில் இருப்பதால் சில மெஷின்களில் கழற்றியதும் இயல்புக்குத் திரும்பும், சிலதில் தேதி மட்டும்தான் அழியும். எச்பியில் விண்டோஸ் விசையும் பி-யும், டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் என்று மீட்பு வழிகள் உண்டு. அவை நிரலைச் சரிசெய்யும், கெட்ட பைட்டை அப்படியே விட்டுவைக்கவும் செய்யலாம்.

அதனால்தான் திரும்பிவர ஒரு வழி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்கிறேன். பயாஸ் சிப்பை நேராகப் படித்து எழுதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிஎச்341ஏ ப்ரோக்ராமரும் எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் கிளிப்பும்தான் அந்த வழி. ஆனால் இதிலும் குழிகள் இருக்கின்றன. மதர்போர்டில் 25க்யூ64, 25க்யூ128, 25க்யூ256 என்ற மாதிரி எழுத்துள்ள சிப்பைத் தேடுங்கள். அவை முறையே 8, 16, 32 எம்பி. முழுப் பெயரையும் டார்ச் அடித்துப் படியுங்கள். வின்பாண்டில் எண்ணுக்குப் பின் வரும் இரண்டு எழுத்துகளில் கடைசி 'வி' என்றால் 3.3 வோல்ட், 'டபிள்யூ' என்றால் 1.8. மேக்ரோனிக்ஸில் 25எல் 3.3, 25யூ 1.8. கிகாடிவைஸில் 25க்யூ 3.3, 25எல்க்யூ 1.8. 1.8 வோல்ட் சிப்புக்கு அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சிப் போகலாம். மலிவான கறுப்பு நிற சிஎச்341ஏ பலகையில் பவர் 3.3 ஆக இருந்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வருவது தெரிந்த குறை. மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, அதைத் திருத்திய பதிப்பாக வாங்குவது நல்லது. கால்கள் வெளியே நீட்டாமல் அடியில் பட்டையாக இருக்கும் சிப்பைக் கிளிப் கவ்வாது, அதற்கு ஊசிமுனை ப்ரோப் வேண்டும்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, கிளிப்பின் சிவப்புக் கம்பி சிப்பின் புள்ளி வைத்த மூலையில் வருமாறு மாட்டி, மூன்று முறை படியுங்கள். மூன்று ஃபைலின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக இருந்தால்தான் அது நகல். முழுக்க எஃப்எஃப் என்றோ பூஜ்யம் என்றோ வந்தால் கிளிப் சரியாக உட்காரவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால், ப்ரோக்ராமரின் மின்சாரம் சிப்பைத் தாண்டி போர்டுக்குள் ஒழுகி இறங்குவதாக இருக்கலாம், அப்போது சிப்பைக் கழற்றித்தான் படிக்க வேண்டியிருக்கும். எழுதும்போது ப்ரோக்ராமர் மாட்டிய கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸிலோ பேட்டரியிலோ ஓடட்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று காலையிலேயே பேப்பரைப் பார்த்துக்கொள்வது இந்த ஊர்ப்பக்கம் கட்டாயப் பாடம்.

இந்த நகலை விலைமதிப்பான பத்திரம்போல இரண்டு இடத்தில் வையுங்கள். அதில் உங்கள் மெஷினின் சீரியல் எண், யூயூஐடி, சிலதில் லேன் கார்டின் மேக் முகவரி, விண்டோஸ் உரிமச் சாவி எல்லாம் இருக்கும். அதே மாடல் என்று இன்னொருவர் நகலை ஏற்றினால் மெஷின் எழுந்தாலும் இவையெல்லாம் அடுத்தவருடையதாகிவிடும். இன்டெல் எம்இ (சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் இன்டெல்லின் ஃபர்ம்வேர்) பகுதி ஒத்துப்போகாவிட்டால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையும் விசித்திரமும் வரலாம். அந்த அரை மணி நேரக் கணக்கைக் கண்டால் ராமையும் சார்ஜரையும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

ஏஎம்டி மெஷின் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது கிராஃபிக்ஸுக்கான நினைவக ஒதுக்கீடு. 512 எம்பியை 2 ஜிபி ஆக்கினால் சில விளையாட்டுகளும் வீடியோ வேலைகளும் முரண்டு பிடிக்காமல் ஓடும். அதுவும் அதே ஐஎஃப்ஆர் முறையில் 'யூஎம்ஏ' என்று தேடினால் கிடைக்கும். பென்டிரைவிலிருந்தே முழு மறைந்த மெனுவையும் காட்டும் கருவிகள் ஏஎம்டிக்கு உண்டு. ஆனால் அங்கே சேமிக்கும்போது நீங்கள் தொட்ட ஒன்றோடு மற்றவையும் சேர்ந்து எழுதப்படலாம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காந்திபுரம் பக்கம் செகண்ட்ஸில் வாங்கிய ஆபீஸ் லேப்டாப்பில் பயாஸே பாஸ்வேர்ட் கேட்கிறது என்றால் அது இந்தக் கட்டுரையின் சங்கதி இல்லை. அது மறைத்த மெனு அல்ல, பழைய உரிமையாளரின் பூட்டு. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே எஃப்2 அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால், அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு மெஷின் பாருங்கள்.

எல்லாம் சரியாக முடிந்தபின் ஒன்றை மறந்துவிடுவார்கள். விண்டோஸ் அப்டேட் வழியாக பயாஸ் அப்டேட்டும் வந்து ஒரு நாள் இரவில் தானாக ஏறிக்கொள்ளும். மாற்றிய பைட் பழைய நிலைக்குப் போகலாம், ஆஃப்செட்டும் நகர்ந்திருக்கலாம். செக்யூரிட்டி மெனுவில் கேப்ஸ்யூல் அப்டேட்டை (விண்டோஸ் வழியாக வரும் இந்த பயாஸ் அப்டேட்டை) அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு, அப்டேட்டை நீங்களாகப் பார்த்துப் போடுங்கள். ஐஎஃப்ஆர் டெக்ஸ்ட் ஃபைலின் பெயரிலேயே பயாஸ் பதிப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்து வையுங்கள். அடுத்த சித்திரையில் மறுபடி 'லாக்டு' என்று வந்தால் அந்தப் பழைய ஃபைலைத் திறக்காமல், புதுப் பதிப்பிலிருந்து புதிதாக எடுங்கள்.